பாதிக் கூலி

தைத்து முடித்த குவில்ட்டைத் திருப்பிப் பார்க்கிறோம். அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. சில இடங்களில் சுருண்டு கூடு கட்டியிருக்கிறது. பார்த்தவுடன் அடிநூலைத்தான் சந்தேகிப்போம். பாபினைக் கழற்றுவோம், பாபின் கேஸின் திருகை முடுக்குவோம். ஆனால் தொங்குகிற அந்த நூல் மேல்நூல். மேலே அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய இடத்தில் பிடி இல்லாமல் போனதால், அளவுக்கு மீறி இறங்கிக் கீழே சேர்ந்திருக்கிறது. தையல் தெரிந்தவர்களுக்கு இது பாலபாடம். எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருந்த காலத்தில் ஒரு பெண்ணின் கூலியில் கைவைத்தேன். தெரிந்த பிறகும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. இரண்டாவதுதான் பெரிய தப்பு. அதைச் சொல்ல முதலாவதையும் சொல்லியாக வேண்டும்.

கிண்டியில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மந்தைவெளியில் வீடு. ஓய்வுக்குப் பிறகு மதுரைச் சுங்குடியையும் செட்டிநாட்டுப் பருத்தியையும் வெட்டி இணைத்து, நடுவே பஞ்சு விரிப்பு வைத்து, குவில்ட் செய்ய ஆரம்பித்தேன். தி. நகர் ரங்கநாதன் தெருவில் கட்பீஸ் கிடைக்கும். மயிலாப்பூர் மாட வீதிக் கடைகளில் லைனிங்கும் நூலும் வாங்கிக்கொள்வேன். முதலில் உறவுக்காரக் குழந்தைகளுக்கு என்று செய்தேன். பிறகு மார்கழிக் கச்சேரிக்காக வெளிநாட்டிலிருந்து வந்து தங்குகிறவர்கள் பார்த்துவிட்டுக் கேட்டார்கள். ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் வைத்துக்கொண்டு போக, சுங்குடிப் புள்ளி போட்ட ஒரு விரிப்பு. டிசம்பர் பிறந்தால் ஆர்டர் குவிந்துவிடும்.

வெட்டுவதும் நிறம் சேர்ப்பதும் துண்டுகளை இணைப்பதும் எனக்கு நன்றாக வரும். மூன்று அடுக்கையும் ஒன்றாகச் சேர்த்து, மேலே கொடியும் வளைவுமாகத் தையல் ஓட்டுவதுதான் வராது. அதற்கு மிஷினின் பல்லை இறக்கிவிட்டு, துணியை இரண்டு கையாலும் நகர்த்த வேண்டும். ஊசி ஒரு வேகத்தில் ஓடும். கை அதற்கு இணையாக ஓட வேண்டும். எவ்வளவு முயன்றும் எனக்கு அது கூடவில்லை. நேர்த்தையல் மட்டும் போடும், கழுத்து நீண்ட வெளிநாட்டு மிஷின் ஒன்றைப் பெரிய பணம் போட்டு வாங்கி வைத்துக்கொண்டு, அதை ஓட்ட ஆள் தேடினேன்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் அவர் வந்தார். அடையாறு ஆற்றோரக் குடியிருப்பில் வீடு. கணவர் இறந்துபோய், இரண்டு பெண் குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்கும் தையல் மிஷின் அவருக்குக் கிடைத்திருந்தது. அதில் ரவிக்கை தைத்து, புடவைக்கு ஃபால்ஸ் அடித்து, பள்ளிச் சீருடை தைத்துத் தேர்ந்த கை. என் வீட்டு மிஷினில் முதல் நாள் உட்கார்ந்து, ஒரு பழைய துணியில் வளைவு ஓட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரத்திலேயே மாங்காய் வடிவங்கள் ஒன்றுபோல் வந்து விழுந்தன. ஒரு விரிப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்டோம்.

அவருக்கு ஒரு நிபந்தனை போட்டேன். மிஷினை நான்தான் கோப்பேன். குமிழைத் தொடக் கூடாது. நூல் போகும் வழியை மாற்றக் கூடாது. பாபினில் நூல் சுற்றுவதும் அதை மாற்றுவதும் மட்டும் அவர் வேலை. விலை உயர்ந்த பொருள், கெட்டுப்போனால் பாகம் கிடைக்காது என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. என் வீட்டில், என் மிஷினில், என்னைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

காலையில் அவர் வருவதற்கு முன் நூலை மாற்றி, கோத்து, துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதத்தை இறக்கி வைத்திருப்பேன். பல நாள் பாதம் இறங்கியிருக்கும்போதே கோத்தேன். இந்தக் கதைக்கு அந்த ஒரு செயல்தான் வேர்.

மேல்நூல் நூற்கண்டிலிருந்து புறப்பட்டு, இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே புகுந்து, மேலும் கீழும் ஆடுகிற கையைச் சுற்றி, ஊசிக் காதுக்கு இறங்குகிறது. அந்தத் தகடுகளை ஒரு ஸ்பிரிங் நெருக்கிப் பிடித்திருக்கிறது. டென்ஷன் என்று நாம் திருகும் குமிழ் அந்த ஸ்பிரிங்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது, அவ்வளவுதான். பாதத்தைத் தூக்கினால் தகடுகள் விலகி நூலுக்கு வழி விடும். இறக்கினால் நெருங்கி நூலைக் கவ்விக்கொள்ளும். இறக்கி வைத்துக் கோத்தால் நூல் உள்ளே போகாமல் தகடுகளின் விளிம்பில் நின்றுவிடும். குவில்ட்டுக்குப் போடும் தடித்த பருத்தி நூல் இப்படி நின்றுகொள்வது இன்னும் எளிது. சில அடி தூரம் தையல் ஒழுங்காகப் போகும். ஓர் இழுப்பில் நூல் விளிம்பிலிருந்து நழுவும். பிடி போய்விடும்.

பிடி போனால் என்ன ஆகிறது என்பதை ஒரு மிஷினைக் கையால் மெதுவாகச் சுழற்றிப் பார்த்தால் கண்ணாலேயே காணலாம். ஊசி கீழே இறங்கி மேலேறும்போது நூல் ஒரு சிறு வளையமாகிறது. கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, பாபின் கேஸ் முழுவதையும் சுற்றிக் கொண்டுபோய் விடுகிறது. பிறகு மேலே ஆடுகிற கை அந்த நூலை வெடுக்கென்று இழுத்து, அடிநூலோடு பின்னி, துணியின் நடுவே கொண்டுவந்து பூட்டுகிறது. 1846-இல் எலியாஸ் ஹோவ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது இந்தப் பூட்டுத் தையலைப் போடும் மிஷினுக்குத்தான். இன்று வீட்டு மிஷின்கள் பெரும்பாலும் இதைத்தான் போடுகின்றன. குவில்ட்டில் இந்தப் பூட்டு மூன்று அடுக்குக்கு நடுவே, பஞ்சுக்குள் மறைந்து நிற்க வேண்டும். தகடு நூலைப் பிடிக்கவில்லை என்றால் கொக்கி வேண்டிய மட்டும் நூலை இழுத்துக்கொள்ளும். கை மேலே போய் இழுத்தாலும் இறுக்கம் வராது. மிச்ச நூல் அடிப்பக்கம் தங்கிவிடும்.

எங்கள் பாட்டி பழம்புடவையை நாலாக மடித்துக் கையால் ஓட்டித் தைத்த குழந்தை விரிப்பு ஒன்று வீட்டில் இருக்கிறது. வங்காளத்துக் காந்தாவும் வட கன்னடத்துச் சித்தி இன மக்கள் தைக்கும் கவந்தியும் அதே வகைதான், பழந்துணி அடுக்கின் மேல் ஊசியோட்டம். அதில் ஒரே நூல். தையல் கோணினால் தைத்த கையைத்தான் கேட்க வேண்டும். மிஷினில் இரண்டு நூல், இரண்டு பிடி. ஒன்று தளர்ந்தால் மற்றது இழுக்கும். தப்பு ஒரு பக்கம் இருக்க, அதன் அடையாளம் மறுபக்கம் தெரியும். அடிநூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் அதிகம் இறுகியிருக்கிறது, அல்லது அடிநூல் தளர்ந்திருக்கிறது. மேல்நூல் கீழே வளையமாகத் தொங்கினால் மேல்பிடி தளர்ந்திருக்கிறது, அல்லது அடிநூல் இறுகியிருக்கிறது. இதைக் கற்காமல் குவில்ட் விற்கத் துணிந்தேன்.

முதல் சில விரிப்புகளிலேயே வளையம் தொங்கியது. அவர் துணியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மேல் நூல் உள்ள உக்காரல மா. பாதத்தைத் தூக்கி வச்சிட்டு ஒரு தடவ கோத்துப் பாருங்க."

"இது உன் மிஷின் மாதிரி இல்ல. இதுக்குக் கோக்குற முறையே வேற. நீ பாபினைப் பாரு."

அரசு கொடுத்த அவருடைய கறுப்பு மிஷினிலும் என் வெளிநாட்டு மிஷினிலும் பாதத்தைத் தூக்கினால் தகடு விலகும் என்பது ஒன்றேதான். அவர் சொன்னது முழு உண்மை. நான் ஒரே ஒரு தடவை செய்து பார்த்திருந்தால் இந்த வாக்குமூலத்துக்கு வேலையே இருந்திருக்காது.

அவர் போன பிறகு நானே பாபின் கேஸைக் கழற்றி, பக்கவாட்டில் இருக்கும் சின்னத் திருகை முடுக்கினேன். கீழே தளர்ச்சி தெரிந்ததால் அடிநூலை இறுக்கினேன். இறுகிய அடிநூல் மேல்நூலை இன்னும் கீழே இழுத்தது. வளையம் அதிகமானது. இன்னும் முடுக்கினேன். பிறகு மேலே குமிழை நான்கிலிருந்து ஆறுக்கும், ஆறிலிருந்து எட்டுக்கும் கொண்டுபோனேன். நூல் தகடுகளுக்கு நடுவே இல்லாதபோது குமிழ் எந்த எண்ணில் நின்றாலும் ஒன்றுதான். ஆனால் ஏதோ ஒரு காலையில், தற்செயலாகப் பாதம் தூக்கியிருந்தபோது கோத்திருப்பேன். அன்றைக்கு நூல் சரியாக உள்ளே உட்கார்ந்துவிடும். குமிழோ எட்டில். மேலேயும் இறுக்கம், கீழேயும் இறுக்கம். நூல் அறுந்துகொண்டே இருக்கும், துணி சுருங்கும். ஒரு நாள் வளையம், ஒரு நாள் அறுப்பு. காரணம் மிஷினில் இருந்தால் தினம் ஒரே கோளாறுதானே வர வேண்டும் என்று வாதம் கட்டினேன். மாறி மாறி வருவதால் கைதான் நிதானமில்லை என்று முடிவு செய்தேன். நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது நான் கோத்த விதம்.

ஊசியிலும் கஞ்சத்தனம் செய்தேன். ஒரு பெரிய விரிப்புக்கு ஓர் ஊசி என்று மாற்றுவது நல்ல வழக்கம். நான் ஊசி உடைகிற வரை ஓட்டச் சொன்னேன். ஒரே இடத்து நூல் தையலில் பூட்டிக்கொள்வதற்கு முன் பல முறை ஊசிக் காது வழியாகப் போய் வருகிறது. காது தேய்ந்து பிசிறு தட்டியிருந்தால் பருத்தி நூல் தாங்காது. கடற்காற்று அடிக்கும் ஜன்னலோரத்தில் திறந்த டப்பாவில் வருஷக்கணக்காகக் கிடந்த நூல் வேறு. அறுந்ததற்கும் அவர்தான் காரணம் என்று எழுதி வைத்தேன்.

என் வாதத்துக்கு எதிரான சாட்சி கண் முன்னே இருந்தது. கை வேகத்தால் வரும் பிசகுக்கு என்று ஒரு முகம் உண்டு. வளைவில் கையை வெடுக்கென்று திருப்பினால் அந்த வளைவில் மட்டும் அடிப்பக்கம் நூல் கண்ணிமை மயிர்போல் வரிசையாக இழுபட்டு நிற்கும். நேர்க்கோட்டில் நிற்காது. அவர் தைத்த விரிப்புகளில் நேர்க்கோட்டிலும் வளையம் இருந்தது, ஓரத்தை ஒட்டிய சாதாரணத் தையலிலும் இருந்தது. வளைவுகளைக் காட்டி, "பாரு, திரும்புற இடத்துல கை ஓடுது" என்று சொன்னேன். நேர்க்கோடுகளைக் காட்டவில்லை. அவை என் கண்ணில் பட்டன. பட்டும் விரலை வளைவின் மேல்தான் வைத்தேன்.

பாபின் இன்னொரு சாட்சி. மிஷினில் அவர் கைக்கு விட்டிருந்த ஒரே வேலை அதுதான். பாபின் நூலைத் தளர்வாகச் சுற்றினால் தைக்கும்போது குதித்துக் குதித்து வரும். ஒரு பக்கம் மேடாகச் சுற்றினாலும் அப்படித்தான். பாலியஸ்டர் நூலை அதிவேகத்தில் இழுத்துச் சுற்றினால் நீண்டுபோய், தைத்த பிறகு சுருங்கித் துணியையும் சுருக்கும். அவர் சுற்றிய பாபின்கள் எல்லாம் மிதமான வேகத்தில், விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே நின்று, அடுக்கு கலையாமல் இருக்கும். அவர் கைக்குள் இருந்த பகுதியில் பிழையே இல்லை. அதையும் பார்த்துக்கொண்டுதான் பாபினைக் குறை சொன்னேன்.

வளையம் தொங்கிய விரிப்பை அவரையே பிரிக்கச் சொன்னேன். நுணுக்கமாக ஓட்டிய தையலைப் பிரிப்பது தைப்பதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். சிறு கொக்கி ஊசியால் ஒவ்வொரு கண்ணாக எடுக்க வேண்டும். துணி கிழியக் கூடாது. பிரித்த நேரத்துக்குக் கூலி இல்லை. திரும்பத் தைத்ததற்குப் பாதிக் கூலி. சிலவற்றைப் பிரிக்க நேரமில்லாமல், வளையங்களை உள்ளே இழுத்து முடிச்சிட்டு மறைத்து, வாங்க வந்தவர்களிடம் முழு விலைக்கு விற்றேன். அவற்றுக்கும் அவருக்குப் பாதிதான்.

நான் யார் என்பதை வைத்துத்தான் இதை எடை போட வேண்டும். என் பணிக்காலம் முழுதும் சம்பளப் பட்டியலும் பிடித்தப் பதிவேடும் என் மேசையில் இருந்தன. அப்போது நடப்பில் இருந்த 1936-ஆம் வருஷத்து ஊதிய வழங்கல் சட்டம் எனக்கு மனப்பாடம். அது சொன்னது இதுதான். பொருள் சேதத்துக்காகப் பிடித்தம் செய்வதென்றால், அந்தச் சேதம் தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்திருக்க வேண்டும். பிடிக்கிற தொகை சேதத்தின் மதிப்பைத் தாண்டக் கூடாது. தன் பக்கத்தைச் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தராமல் ஒரு பைசாவும் பிடிக்கக் கூடாது. அபராதம் என்றால் அந்தச் சம்பளக் காலத்துக் கூலியில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் போகக் கூடாது. மேற்பார்வையாளர்கள் அனுப்பிய பிடித்தக் குறிப்புகளை, விளக்கம் கேட்ட கடிதம் இணைக்கப்படவில்லை என்று திருப்பி அனுப்பியவள் நான். அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன், அதில் பெருமையும் பட்டிருக்கிறேன். அந்தச் சட்டம் என் வீட்டுக் கூடத்தைக் கட்டுப்படுத்தவில்லை என்பது வேறு. அதில் இருக்கும் நியாயம் எனக்குத் தெரியும். இங்கே அந்தப் பெண் தன் விளக்கத்தை நான் கேட்காமலே முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தார். சொன்னவரைத்தான் பாபினைப் பார் என்று அடக்கினேன்.

பழக்கம் விடவில்லை. பிடித்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். தேதி, விரிப்பு, தொகை, காரணம். காரணம் என்ற இடத்தில் "கை ஓட்டம் சரியில்லை", "அடித்தையல் தளர்வு" என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

ஒரு நாள் அவர் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று வரவில்லை. மிஷினில் விசித்திரமாகச் சத்தம் வருகிறதே என்று மெக்கானிக் ஒருவரை அழைத்திருந்தேன். அவர் முதலில் செய்தது பாதத்தைத் தூக்கி, நூலை முழுக்க உருவி எடுத்தது. மறுபடி கோத்து, பாதம் மேலே இருக்கும்போது நூலை இழுத்துக் காட்டினார், தடையில்லாமல் வந்தது. பாதத்தை இறக்கிவிட்டு இழுத்தார், ஊசியே வளைகிற அளவு பிடித்தது. பிறகு பாபின் கேஸைக் கையில் எடுத்து, ஒரு கல்யாணப் பத்திரிகை கேட்டார். அதன் மூலையைக் கத்தரித்து, கேஸின் ஸ்பிரிங் தகட்டுக்கு அடியில் நுழைத்து இழுத்தார். அழுக்கேறிய பஞ்சு நூல்நூலாக வந்தது. திருகைத் தளர்த்தி, பாபினோடு கேஸை நூலில் தொங்கவிட்டார். நூலைப் பிடித்து மெதுவாக ஒரு வெட்டு வெட்டினால் கேஸ் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். தானாகச் சரசரவென்று இறங்கினால் தளர்ச்சி, வெட்டியும் அசையாவிட்டால் இறுக்கம். கொக்கி ஓடும் தடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, குமிழை நான்கில் வைத்தார். மேலே சிவப்பு நூல், கீழே வெள்ளை நூல் போட்டு, பஞ்சு வைத்த துண்டுத் துணியில் ஓட்டினார். மேலே சிவப்பு மட்டும், கீழே வெள்ளை மட்டும்.

"யார் மா பாதத்தை இறக்கி வச்சுக் கோக்குறது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் பணம் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் அந்தப் பெண் வந்து உட்கார்ந்து தைத்தார். ஒரு சாண் தைத்ததும் துணியைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி தைத்தார், மறுபடி திருப்பினார். பிறகு நிமிர்ந்து, "மிஷின் சரியாயிடுச்சு மா" என்றார்.

"உன் கை இப்பதான் பழகியிருக்கு" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அது. முந்தைய நாள் மெக்கானிக் போன நேரத்திலிருந்து, அவர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் பிடித்ததைத் திருப்பித் தர வேண்டும். தொகை என்னைப் பயமுறுத்தவில்லை, ஓய்வூதியத்தில் சமாளித்திருக்கலாம். அவர் முதல் வாரத்தில் சொன்னதே சரி என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்ததே, அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. ஒருவருக்குக் கூலி கொடுப்பதாலேயே அவரைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று எப்போது நம்ப ஆரம்பித்தேன் என்று யோசித்திருக்கிறேன். அலுவலகத்தில் மேற்பார்வையாளர்களிடம் நான் வெறுத்த குணம் அது. அவர்களிடம் அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் தைத்தவை எல்லாம் முழுக் கூலிக்கானவை. அந்த முழுக் கூலியைக் கொடுக்கும்போது தாராள மனது காட்டுவதுபோல் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பெருகியதும், ஆற்றோரக் குடும்பங்களைப் பகுதி பகுதியாகப் பெரும்பாக்கத்துக்கு மாற்ற ஆரம்பித்தார்கள். அவர் குடும்பத்தின் முறையும் வந்தது. அங்கிருந்து மந்தைவெளி ஏறக்குறைய 20 கிலோமீட்டர். பஸ்ஸில் வந்து போனால் பாதி நாள் போய்விடும். வருவதை நிறுத்திக்கொண்டார். எனக்கு முதலில் தோன்றியது, இனி அந்த நோட்டை அவர் பார்க்க வாய்ப்பில்லை என்பது. அப்படித் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை.

2019 ஜனவரியில் சென்னையில் இந்தியாவின் முதல் குவில்ட் திருவிழா நடந்தது. பல ஊர்களிலிருந்து வந்த விரிப்புகள். எல்லோரும் முன்பக்கத்து நிறங்களைப் பார்த்து வியந்துகொண்டிருந்தார்கள். நான் ஓரங்கள் மடங்கித் தெரிந்த இடங்களில் பின்பக்கத் தையலைத் தேடினேன். அவர் தைத்து நான் பாதி கொடுத்த விரிப்புகள் எந்தெந்த நாட்டில் எந்தெந்தக் குழந்தையின் கட்டிலில் கிடக்கின்றனவோ என்று நினைத்து, அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

ஆனாலும் அப்போது அவரைத் தேடிப் போகவில்லை. பின்னொரு சமயம் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் மிஷின் குவில்ட் கற்றுக்கொள்ள வந்தார்கள். அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன். தையல் கெட்டால் முதலில் திருகைத் தொடாதீர்கள். பாதத்தைத் தூக்கி, மேல்நூலை உருவி, முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். ஊசியை மாற்றுங்கள். ஊசியில் நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்துதான் நூல் காதுக்குள் நுழைய வேண்டும், திருப்பிப் போட்டிருந்தால் எதுவும் சரியாக வராது. பாபின் கேஸில் பஞ்சு அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். பாபினைக் கழற்றி, நூல் ஸ்பிரிங்குக்கு அடியில்தான் போகிறதா என்று பாருங்கள். பிறகு மேல் குமிழை அரை எண் அரை எண்ணாக மாற்றிப் பார்க்கலாம். கேஸின் திருகு கடைசி. அதைத் தொடும் முன் இப்போது நிற்கும் நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு, கடிகார முள் கால் மணி நகரும் அளவுக்குக்கூடப் போகாமல், கொஞ்சமாகத் திருகுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நிற நூலில், அதே பஞ்சு, அதே துணி வைத்த துண்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் விரிப்பில் கைவைக்க வேண்டும்.

ஒரு பெண் கேட்டாள்: "பாதத்தைத் தூக்கணும்னு உங்களுக்கு யார் ஆன்ட்டி சொல்லிக்கொடுத்தது?"

"மெக்கானிக்" என்றேன். சொன்ன மாத்திரத்தில் வாய் கசந்தது. எனக்கு அதை முதலில் சொன்னவர் மெக்கானிக் இல்லை. அந்தச் சொல்லையும் அவரிடமிருந்து பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். அன்று இரவு நோட்டை எடுத்துப் பிடித்தங்களைக் கூட்டினேன். பிரித்த நேரத்துக்கு ஒரு கூலி போட்டேன். அவருடைய பழைய போன் எண் வேலை செய்தது.

பெரும்பாக்கம் குடியிருப்பு எட்டு அடுக்குக் கட்டடங்களின் வரிசை. அவர் வீடு மேல்தளத்தில். கறுப்பு மிஷின் ஜன்னலோரம் இருந்தது. மேலே பாதி தைத்த ரவிக்கை, பக்கத்தில் சுற்றி வைத்த பாபின்கள். பெரிய மகள் வேலைக்குப் போகிறாளாம், அன்று விடுமுறை. தண்ணீர் கொடுத்தார்கள். நான் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துப் போயிருந்தேன். நூலைத் தப்பாகக் கோத்தது நான், நீங்கள் சொன்னதுதான் சரி, மெக்கானிக் வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, மறுநாள் உங்களிடம் பொய் சொன்னேன் என்று சொன்னேன். நோட்டையும் காட்டினேன். காரணம் எழுதிய கட்டங்களை அவர் வாய்க்குள் படித்துப் பார்த்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் மா" என்றார். "குமிழ் நாலுல இருந்துச்சு. நீங்க எட்டுலதானே வச்சிருப்பீங்க. கேஸும் சுத்தமா இருந்துச்சு."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவர் சரி என்று சொல்ல வேண்டியிருக்கும், என் மனசு ஆறுவதற்காக அவரிடம் இன்னொரு வேலை வாங்கியதாகும். பணத்தைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார். பிறகு நோட்டை மறுபடி வாங்கி, பக்கம் பக்கமாக விரல் வைத்துக்கொண்டு போனார்.

"நீல பார்டர் வச்சது ஒண்ணு இருந்துச்சே மா. பெசன்ட் நகர் வீட்டுக்குப் போச்சே. அதை முழுசாப் பிரிச்சேன். அதுக்கும் பாதிதான் குடுத்தீங்க. இதுல இல்ல."

தேடினேன். இல்லை. அந்த டிசம்பர் அவசரத்தில் எழுதாமலே பிடித்திருக்கிறேன். கொண்டுபோன பணத்தில் மிச்சம் இல்லாததால், அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டு, மகளின் எண்ணுக்கு ஜிபே செய்தேன். வந்துவிட்டதா என்று மகளிடம் கேட்டு, வந்துவிட்டது என்று அவள் போனைக் காட்டிய பிறகு, அளவு கொடுக்க வாசலில் காத்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை உள்ளே கூப்பிட்டார்.